அந்த ரெண்டு மைல்

போன வாரம் ஆபீஸ்ல சாப்பிடும்போது ஒரு நண்பர் சொன்னார், புக் படிச்செல்லாம் யாரும் பயப்பட மாட்டாங்க, படம்னா இருட்டு இருக்கு, சவுண்டு இருக்கு, திடீர்னு ஒரு மூஞ்சி வரும், பேப்பர்ல இருக்கறது வெறும் எழுத்துதானே, பயமா இருந்தா மூடி வச்சுட்டு போயிடலாமேன்னு. பேச்சு உடனே வேற பக்கம் போயிடுச்சு, ஆனா எனக்கு அது மனசுலயே நிக்குது. ஏன்னா என்னை இதுவரைக்கும் நிஜமா பயமுறுத்தினது ஒரு சின்ன கதைதான், உக்காந்தா ஒரே மூச்சுல படிச்சு முடிச்சிடலாம்.

தியேட்டர்ல நானும் அலறியிருக்கேன். ஆனா அது பக்கத்துல பட்டாசு வெடிச்சா தூக்கிவாரிப் போடுமே அந்த மாதிரி, உடம்பு பதறுது, பார்க்கிங்ல வண்டி எடுக்கறதுக்குள்ள போயிடுது. நான் சொல்ற பயம் படிக்கும்போது கூட முழுசா வராது, லைட்ட அணைச்சதுக்கு அப்புறம்தான் வரும்.

கதை இங்கிலாந்து எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதின 'தி மங்கீஸ் பா', அதாவது குரங்குப் பாதம், 1902ல வந்தது. அவர் பேர் வாங்கினதே கப்பல்காரங்க, துறைமுகத்து ஆளுங்கள வச்சு எழுதின சிரிப்புக் கதைகள்ல. அந்தக் கை இதுலயும் தெரியும், மழை ராத்திரி, அப்பாவும் பையனும் செஸ் ஆடறாங்க, அப்பா ஒரு காயத் தப்பா நகர்த்திட்டு பையன் கவனிச்சிடக்கூடாதுன்னு வெளிய காத்து எப்படி அடிக்குது பாருன்னு பேச்ச மாத்தறார். நம்ம வீட்டு ஆளுங்க மாதிரியே இருப்பாங்க. அப்போ ஒரு பழைய பட்டாளத்துக்காரர் இந்தியாவுல இருந்து கொண்டுவந்த காய்ஞ்ச குரங்குப் பாதம் அவங்க கைக்கு வருது, மூணு ஆசை நிறைவேத்துமாம். விளையாட்டா 200 பவுண்டு கேக்கறாங்க. மறுநாள் பையன் வேலை செய்யற கம்பெனில இருந்து ஒரு ஆள் வர்றான், பையன் மெஷின்ல மாட்டி செத்துட்டான், நஷ்ட ஈடு 200 பவுண்டு.

இதுவரைக்கும் சோகம்தான், பயம் இல்ல. அடக்கம் பண்ணி ஒரு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி அம்மாவுக்கு திடீர்னு ஞாபகம் வருது, இன்னும் ரெண்டு ஆசை பாக்கி இருக்கே, புள்ளைய திரும்பக் கேளுன்னு புருஷன உலுக்கறா. அவர் கெஞ்சறார், செத்து பத்து நாளாச்சு, போட்டிருந்த துணிய வச்சுதான் அவனை என்னால அடையாளமே கண்டுபிடிக்க முடிஞ்சதுன்னு சொல்றார். அவ விடல. கேக்கறார். ஒண்ணும் நடக்கல. மெழுகுவத்தி அணையற வரைக்கும் ஜன்னல் பக்கத்துல நின்னு பாத்துட்டு வந்து படுத்துடறாங்க. அப்புறம் கீழ வாசக்கதவுல ஒரு தட்டல், காதுல விழுந்தும் விழாத மாதிரி.

அந்த அம்மா சொல்றா, ரெண்டு மைல் தூரங்கறத மறந்துட்டேனேன்னு.

இந்த ஒரு வரி எழுதினதுக்காகவே அந்த மனுஷனக் கையெடுத்துக் கும்பிடலாம். கல்லறை ரெண்டு மைல் தள்ளி இருக்கு, அதாவது இவங்க ஒண்ணும் நடக்கலன்னு நினைச்சு படுத்திருந்த நேரம் பூரா அது நடந்து வந்துட்டிருந்திருக்கு, மெஷின்ல மாட்டின அந்த உடம்போட, இருட்டுல, ரோட்டுல. அந்த நடையப் பத்தி கதைல ஒரு வார்த்தை கிடையாது. முதல் தடவ படிச்சப்போ நான் காலேஜ் முதல் வருஷம், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன், புக்க மூடிட்டு படுத்தா என் மண்டைக்குள்ள அது எங்க ஊர் ரோட்டுலதான் நடக்குது. சுடுகாட்டுல இருந்து கிளம்பி ஆத்துப்பாலம், மரக்கடை, ரேஷன் கடை, இந்நேரம் பிள்ளையார் கோயில் திருப்பத்துக்கு வந்திருக்கும்னு நானே கணக்குப் போட்டுட்டு இருக்கேன், போடாம இருக்க முடியல. கேமராவுக்கு இங்கிலாந்துல ஒரு தெரு வேணும், எழுத்துக்கு என் தெருவே போதும். நண்பர் சொன்னாரே மூடி வச்சுடலாம்னு, மூடினதுக்கு அப்புறம் நடக்கறது எதை மூடி நிறுத்தறது?

பேய்க்கதைன்னு வர்றதுல பாதிக்கு மேல தோத்துப் போறதும் இங்கதான்னு எனக்குத் தோணுது. விரிச்ச தலமுடி, ரத்தச் சிவப்பு கண்ணு, கோரப்பல்லுன்னு எழுத்தாளரே எல்லாத்தையும் வரைஞ்சு குடுத்துட்டா நமக்கு செய்ய வேலையே இருக்காது, வெளிய நின்னு வேடிக்கை பாக்கலாம். புதுமைப்பித்தனோட 'காஞ்சனை'ல நடுராத்திரி ஒரு பிணவாடை வரும், அதுக்கு எவ்வளவு பெரிய ஸ்கிரீன் போட்டாலும் மூக்குல ஏறாது, வார்த்தைல ஏறுது.

ஜேக்கப்ஸ் கதை முடியற இடம் கதவுதான். அம்மா கீழ் தாழ்ப்பாள திறந்துட்டா, மேல் தாழ்ப்பாள் எட்டல, நாற்காலிய இழுத்துப் போடறா, அப்பா அதுக்குள்ள கடைசி ஆசைய கேக்கறதுக்கு இருட்டுல தரைல அந்தப் பாதத்த துழாவறார். காலேஜ்ல படிச்சப்போ நான் முழுக்க அப்பா பக்கம். சீக்கிரம் கண்டுபிடிங்க, திறக்க விடாதீங்க.

மூணு வருஷம் முன்னாடி எங்க சித்தி பையன் பைக் ஆக்சிடெண்ட்ல போயிட்டான், 22 வயசு. போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு வெள்ளத்துணில முழுசா சுத்திதான் குடுத்தாங்க. சித்தப்பா சட்டைய பாத்துதான் அடையாளம் சொன்னார். சித்தி வாசல்ல உக்காந்து ஒரே ஒரு தடவ மூஞ்சிய காட்டுங்கடா, காட்டுங்கடான்னு கேட்டுட்டே இருந்தாங்க, நாங்க யாரும் காட்டல. நானும்தான் கைய பிடிச்சு தடுத்தேன்.

அப்புறம் கொஞ்ச நாள் துணைக்கு அவங்க வீட்டுல தங்கினேன். ராத்திரி கதவ சாத்தி கீழ் தாழ்ப்பாள் மட்டும் போடுவாங்க, அவன் லேட்டா வருவான், ஜன்னல் வழியா கைய விட்டு அவனே திறந்துக்குவான், அதுக்காக மேல் தாழ்ப்பாள் போடாத பழக்கம். அன்னைக்கு ஹால்ல படுத்திருந்தப்போ அந்தக் கதை ஞாபகம் வந்துடுச்சு. எரிச்சாச்சு, சாம்பல கடல்ல கரைச்சாச்சு, எதுவும் நடந்து வர முடியாதுன்னு தெரியும். தெரிஞ்சும் காது கேட் பக்கமே இருக்கு, மண்டை பாலத்துல இருந்து கணக்கு போடுது. பயமா இருந்தது என்னன்னா, தட்டல் கேட்டா சித்தி ஓடிப்போய் திறப்பாங்கங்கறது இல்ல, நானும் திறப்பேன்னு தெரிஞ்சது.

எழுந்து போய் மேல் தாழ்ப்பாள்ல கை வச்சேன். உள்ள ரூம்ல சித்தி முழிச்சுட்டுதான் இருந்தாங்க, போடாதடான்னு மட்டும் சொன்னாங்க. போடல, வந்து படுத்துட்டேன். பால்காரர் பெல் அடிக்கற வரைக்கும் ரெண்டு பேருமே தூங்கல.