லொடக்

வண்டிக்கு அடியில லொடக்குன்னு ஒரு சத்தம். லோடு இருந்தா வாயே திறக்காது. இளநி ஏத்திக்கிட்டு கேரளா எல்லையில மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டுற வரைக்கும் பிக்கப் கமுக்கமாப் போகும். இறக்கிட்டுக் காலியாத் திரும்புனாப் போதும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு லொடக். சில தடைக்கு ரெண்டு.

நம்ம பக்கத்து வேகத்தடை பத்தி உங்களுக்குச் சொல்லணுமா என்ன. இந்திய சாலைகள் காங்கிரஸ்னு ஒன்னு இருக்கு. கட்சி இல்ல, ரோடு எப்படிப் போடணும்னு விதி எழுதறவங்க. வேகத்தடைக்கு அவங்க கணக்கு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி நோகாம ஏறி இறங்கிரணும். எங்க ஊர்ல அகலத்தையும் உயரத்தையும் யாரோ மாத்திப் படிச்சுட்டாங்க. ஜெயிச்ச கவுன்சிலர் வீட்டு முன்னால ஒன்னு. தோத்தவர் வீட்டு முன்னால அதைவிடப் பெருசா ஒன்னு. பெயின்ட் கிடையாது. ராத்திரியில மண்டை கூரையில இடிச்சா, சரி, தடை வந்திருச்சுன்னு நாமளாப் புரிஞ்சுக்கணும்.

இந்த லட்சணத்துல அடுத்து எஃப்.சி. வேற வருது, வண்டி ஓடத் தகுதியா இருக்குதான்னு பார்த்துக் கொடுக்கற சர்டிபிகேட். எட்டு வருசம் தாண்டுன கூட்ஸ் வண்டியை வருசா வருசம் கொண்டுபோய்க் காட்டணும். அந்த நேரம் பார்த்து இது லொடக்குன்னா அங்கேயே கதை முடிஞ்சுது.

ஸ்டாண்டுல வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். நான் கண்டுக்கிட்ட உண்மை இது: அவனவன் வண்டியில கடைசியா எது போச்சோ, அதுதான் நம்ம வண்டியிலயும் போயிருக்கணும். இஞ்சின்ல இருந்து பின் சக்கரத்துக்குப் போற தண்டுல கிராஸ் ஜாயிண்ட் மாத்தினவர் "கிராஸேதான், சந்தேகமே வேண்டாம்"னாரு. பிளேட்டை அச்சோட கட்டிப் புடிக்கற யூ போல்ட் உடைஞ்சவர் யூ போல்ட்னாரு. பிளேட்டுன்னா பாரம் தாங்கற வில்லுப்பட்டை. வெல்டிங் பட்டறைக்காரர் குனிஞ்சுகூடப் பார்க்கலை. "சேஸிஸ் கிராக் விட்டிருக்கும்"னு நின்ன எடத்துல இருந்தே தீர்ப்பு. அவருக்கும் தொழில் நடக்கணுமில்ல.

கிராஸ்னா கிளட்சை விட்டுக் கிளம்பறப்ப, ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒரு டொக் வரணும். எனக்கு வரலை. யூ போல்ட் லூசுன்னா பிரேக் அடிக்கறப்பவும் கேக்கணும். கேக்கலை. இதையெல்லாம் எடுத்துச் சொன்னா "நீ சும்மா இரு, உனக்குத் தெரியாது"ங்கறாங்க. வண்டி என்னுது, சத்தம் என்னுது, டீக்காசும் என்னுது. கருத்து மட்டும் அவங்களுது.

மாப்ள, வீட்டுக்காரியோட தம்பி, அவன்தான் ஒரே வார்த்தையில முடிச்சான். "வித்துட்டு எலக்ட்ரிக் எடுங்க மாமா. சத்தமே வராது." அவன் பைக்குக்கு இன்னும் நாந்தான் பெட்ரோல் போட்டுட்டு இருக்கேன்.

வீட்டுல அமுச்சி, எங்கம்மாவைப் பெத்தவங்க. சீரியல் போட்டா மூணாவது வீதி வரைக்கும் கேக்கற அளவுக்கு வால்யூம் வெக்கிற ஆளு. ஆனா இந்த லொடக் மட்டும் கட்டில்ல படுத்துக்கிட்டே கேக்குது. "சோத்தாங்கைப் பக்கம் கண்ணு. பொறத்தால சக்கரத்துக்கிட்ட." சரி அமுச்சி, நீங்க மாத்திரை போடுங்கன்னுட்டேன்.

மறுபடியும் மாப்ள வந்தான். வண்டிக்கடியில போனைக் கட்டி விட்டு ரெக்கார்டு பண்ணலாமாம், யூடியூப்ல பார்த்தானாம். யார் போன்னு கேட்டதும் தன்னோடதைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டான். என் போனை எடுத்து, சேஸிஸ் குறுக்குச் சட்டத்துல கறுப்பு டேப்பால சுத்து சுத்துன்னு சுத்தினான். அது மறுபடி கையில வந்தப்பவும் திரை நிறையப் பசை.

தோப்புக்குள்ள ஓட்டிப் பார்க்கறதுன்னு முடிவு. கிளம்பற நேரம் அமுச்சியும் பாயைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டாங்க. மேல உக்காந்து கேட்டா எந்தப் பக்கம்னு அடிச்சுச் சொல்லிருவாங்களாம். அமுச்சியைத் தனியா விட முடியாதுன்னு வீட்டுக்காரியும் ஏறிக்கிட்டா. கூட்ஸ் வண்டியில ஆள் ஏத்தாதீங்கன்னு ஸ்டாண்டுல பாடம் எடுக்கறதே நாந்தான். ரோட்டுக்கு வரலைங்க. நம்ம தோப்புத் தடத்துல, நடக்கற வேகத்துல. ஆனாலும் எழுதி வெச்சுடறேன், இல்லேன்னா நாளைக்கு நீங்களே கேப்பீங்க.

பி.ஏ.பி. வாய்க்கால், அதான் பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்கால் கிட்ட ஆட்டுப்பட்டி குறுக்கே வந்துருச்சு. இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நின்னோம். ஆடுகளுக்கு அவசரமில்லை, மேய்க்கிறவருக்கு அதைவிட இல்லை.

திரும்பி வந்ததும் மாப்ள போனைப் பிரிச்சான். கேட்டுப் பார்ப்போம்டான்னு நான் கையைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள, "நாலு பேரு கேட்டாத்தான மாமா தெரியும்"னு ஸ்டாண்டு வாட்சப் குரூப்புக்கு அனுப்பியே விட்டுட்டான். அப்புறந்தான் கேட்டோம்.

முதல்ல கல்லு தெறிக்கறது. டேப் படபடக்கறது. லொடக். லொடக். அப்புறம் ஆட்டுச் சத்தம். இஞ்சின் நின்னதும் திடீர்னு அமுச்சி குரல், கிணத்துக்குள்ள இருந்து வர்றாப்புல.

"ஏன் அம்மிணி, இந்த வண்டிக்கு இவன் இந்தப் பாடு படறான்?"

"அதை ஏனுங் அமுச்சி கேக்கறீங்க. காத்தால எந்திரிக்கறப்ப அவரு முட்டியே லொடக்குங்குது. அது எனக்கு மட்டுந்தான் கேக்குது. குலை தூக்கித் தூக்கி இடுப்பும் போச்சு. தூக்கத்துல அம்மாங்கறாரு. எந்திரிச்சதும் என்னங்கன்னு கேட்டா ஒன்னுமில்லையாமா."

"அவங்கப்பனும் இதேதான்."

"வண்டிக்காச்சும் வருசத்துக்கு ஒருக்கா எஃப்.சி. இருக்குது. இவரை எந்த ஆபீசுக்கு அமுச்சி கூட்டிட்டுப் போறது?"

அப்புறம் இஞ்சின். லொடக்.

மாப்ள என்னைப் பார்க்கலை, போனைப் பார்த்தான். குரூப்புல எல்லாரும் கேட்டு முடிச்சாச்சு. வருசக்கணக்கா குட் மார்னிங் தவிர எதுவும் போடாத பெரியவர் ஒருத்தர் எழுதியிருந்தாரு: "வண்டிக்கு சாக்கிள் புஷ். தம்பிக்கு முட்டி எக்ஸ்ரே." அடுத்த மெசேஜ் நம்ம கிராஸ் ஜாயிண்ட்காரர்: "ரெண்டுமே கிராஸ்தான்."

காலையில பட்டறை. வண்டியைக் குழி மேல நிறுத்தி, பட்டறை அண்ணன் கீழ இறங்கி, லிவர் கம்பியை வலது பக்கம் பின் பிளேட்டோட சாக்கிளுக்குள்ள விட்டு ஒரு நெம்பு நெம்பினாரு. லொடக். அதே லொடக். இடது பக்கம் நெம்பினா அசையலை.

"லோடு ஏறினா பிளேட்டு நிமிரும்ங்க. நிமிர்ந்தா நீளும். அந்த நீளத்துக்கு எடம் விடத்தான் ஒரு முனையில சாக்கிள், ஊஞ்சலாட்டம் ஆடிக் கொடுக்கும். உள்ள இருக்கற ரப்பர் புஷ் தேஞ்சு போச்சு. பாரம் இருந்தா இறுக்கிப் புடிச்சுக்கும், சத்தம் வராது. காலியா இருக்கறப்ப குதிக்கும் பாருங்க, அப்பத்தான் இரும்பும் இரும்பும் மோதுது."

கழட்டினதை என் கையில கொடுத்தாரு. வட்டமா இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்துல இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. ஒரு பக்கம் ரப்பர் தடிமனா, மறுபக்கம் காகிதமா. விரல் வெச்சா மை மாதிரி கறுப்பு ஒட்டுது. ஒரு பக்கம் மட்டும் மாத்தக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் மாத்திட்டாரு. ஸ்டாண்டுல நான் வாங்கிக் கொடுத்த டீயைவிட புஷ் சல்லிசு.

சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போனா, எல்லாரும் அப்பவே சொன்னவங்க ஆயிட்டாங்க. வெல்டிங்காரர் சேஸிஸ்னுதான் சொன்னாராம், சாக்கிள் சேஸிஸ்லதான இருக்குதாம். உண்மையிலேயே சொன்ன அமுச்சி மட்டும் ஒன்னும் சொல்லலை, சீரியல் ஓடிட்டு இருந்துச்சு.

வண்டி சத்தம் நின்னுது. ஆனா ஸ்டாண்டுல எவனும் என்னைக் குலை தூக்க விடறதில்லை. "இருங்ணா, புஷ் மாத்தற வரைக்கும் இருங்க"ன்னு சின்னப் பசங்க பிடுங்கிக்கறாங்க. நேத்து ஒருத்தன் நான் டிரைவர் சீட்டுல இருந்து இறங்கறப்ப காதைப் பக்கத்துல கொண்டு வந்து கேட்டான். வீட்டுக்காரிக்கு விசயம் தெரிஞ்சு, அவ தம்பிக்கு ரெண்டு நாளா சோறு கிடையாது. என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. பொள்ளாச்சியில எலும்பு டாக்டர்கிட்ட டோக்கன் மட்டும் போட்டு வெச்சிருக்கா. வண்டி எஃப்.சி.க்குக் குறிச்சிருந்த அதே வியாழக்கிழமை. வண்டி அடுத்த வாரம் போகட்டுமாம்.

மாப்ளையும் கூட வர்றானாம். போனை எங்க மாமா கட்டறதுன்னு கேக்கறான்.