பட்டாளத்துக்குப் போக நினைக்கும் பதினாறு வயதுப் பையனுக்கு

பத்தாவது முடித்த கையோடு "நான் ஆர்மிக்குப் போறேன்" என்று சொல்லும் பையன்கள் முதலில் தேடுவது பயிற்சி அகாடமியைத்தான். பணம் கட்டி, மாதக்கணக்கில் ஓடிப் பழகி, எழுத்துத் தேர்வும் தேறி, கிரவுண்டிலும் ஜெயித்து, கடைசியில் மெடிக்கலில் 'அன்ஃபிட்' வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் குறைகளில் பலவற்றை வீட்டிலேயே கண்டுபிடித்திருக்கலாம். அதனால் மெடிக்கலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதில் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து நேரம். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்ய ஒன்றரை வருடம் கையில் இருக்கிறது.

பாதத்தை நனைத்துக்கொண்டு காய்ந்த சிமெண்டுத் தரையில் நடந்து பாருங்கள். குதிகாலும் முன்பாதமும் பதிந்து, உள்பக்கம் வளைவாகக் காய்ந்தே இருந்தால் நல்லது. பாதம் முழுக்க ஒரே ஈரத் திட்டாகப் பதிந்தால் தட்டைப் பாதமாக இருக்கலாம். அதற்காக உடனே மனம் உடைய வேண்டாம். நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிந்து, வலியில்லாமல் ஓடவும் குதிக்கவும் முடிந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். அடுத்து, முழங்கால்கள் லேசாகத் தொடும்படி நேராக நில்லுங்கள். கணுக்கால்கள் சேராமல் நடுவில் நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி விழுந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளங்கை முன்னால் தெரிய இரண்டு கைகளையும் நீட்டும்போது, முழங்கைக்குக் கீழே கை அளவுக்கு மீறி வெளிப்பக்கம் சாய்ந்தாலும் அப்படித்தான்.

கண் மருத்துவரிடம் போனால் பார்வையோடு நிறக்குருடும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டிச் சோதிப்பார்கள். அதில் தவறினால் பயிற்சியால் மாற்ற முடியாது. காது அழுக்கை நீங்களே குடையாமல் டாக்டரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை குத்தும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் நிரந்தர டாட்டூ இருந்தால், பழங்குடியினர் அல்லாதவர்களுக்கு அதுவே நிராகரிக்கப் போதும்.

ஜெனரல் டியூட்டி, அதாவது சாதாரணச் சிப்பாய் பிரிவுக்கு நம் தமிழ்நாட்டுப் பையன்களுக்கு உயரம் 166 செ.மீ., மார்பு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். பத்தாவதில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பாஸ் மார்க்கே 35 என்பதால் இரண்டாவதைப் பற்றிக் கவலையில்லை. 500க்கு 225 வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 400 மீட்டர் மைதானத்தில் நாலு சுற்று, சுற்றுக்கு 82 விநாடி. இந்தக் கணக்கு கால்களுக்குப் பழக வேண்டும். ஆள் எடுக்கும் முகாமான ரேலியில் பெரிய கூட்டமாக ஒரே நேரத்தில் கிளப்பிவிடுவார்கள். அந்தப் பதற்றத்தில் முதல் சுற்றை 70 விநாடியில் பறந்துவிட்டு, மூன்றாவது சுற்றில் கால் கல்லாகி நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வாரத்தில் இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 5 கிலோமீட்டர், ஒரு நாள் 400 மீட்டரை 85 விநாடியில் ஆறு முறை, நடுவில் இரண்டிரண்டு நிமிட ஓய்வு. நாலு மாதம் இதைப் பிடித்துக்கொண்டால் போதும். தினமும் தார் ரோட்டில் முழு வேகத்தில் ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஓரம் வலிக்கத் தொடங்கும். அதைப் பொருட்படுத்தாமல் ஓடினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும், மூன்று மாதம் போய்விடும். மண் தரையைத் தேடிப் போங்கள்.

பீமில், அதாவது கம்பியில் தொங்கித் தாடை மேலே வரும்வரை உடம்பைத் தூக்குவதில், பத்து எடுத்தால் 40 மதிப்பெண், ஆறு எடுத்தால் 16தான். ஒன்றுகூட வராதவர்கள் ஸ்டூல் போட்டு ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்க, ஐந்து விநாடி எண்ணி மெதுவாக இறங்கிப் பழகுங்கள். உடம்பை ஆட்டி எடுத்த எண்ணிக்கை அங்கே செல்லாது. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும் வளைந்து போகும் கட்டையில் நடப்பதும் தேறினால் போதும், மதிப்பெண் கிடையாது.

இத்தனைக்கும் முன்னால் கணினித் தேர்வு வருகிறது. ஒரு மணி நேரம், 50 கேள்வி, 100 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். 2025 முதல் தமிழிலும் எழுதலாம். "பணம் கொடுத்தால் உள்ளே போடுகிறேன்" என்று வரும் ஆளுக்கு இதில் எந்தக் கட்டத்திலும் வேலை இல்லை.

இனி, வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது. இப்போது சிப்பாய்களை எடுப்பது 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில்தான். அதில் சேருகிறவருக்கு அக்னிவீர் என்று பெயர், வேலை நாலு வருடம். பதினேழரை வயதில் சேரலாம், பதினெட்டு ஆகாதவருக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. முதல் வருடச் சம்பளம் 30,000, கையில் வருவது 21,000. நாலாம் வருடம் 40,000, கையில் 28,000. சம்பளத்தில் பிடித்த மீதியோடு அரசும் அதே அளவு போட்டு, முடிவில் வட்டியோடு சுமார் 11.7 லட்சம் தருகிறார்கள். நிரந்தரப் பணிக்கு அதிகபட்சம் 25 சதவீதம் பேர். மற்றவர்களுக்குப் பென்ஷன், முன்னாள் படைவீரர் அந்தஸ்து, கேன்டீன், மருத்துவத் திட்டம் எதுவும் கிடையாது. நடுவில் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டும் வர முடியாது. எந்தப் படைப்பிரிவு என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் கிடைத்தால் நீலகிரியில் இருக்கும் வெலிங்டனில் பயிற்சி, ஆனால் அது உறுதியில்லை. பதினெட்டு நிறையும் முன் யாரையும் போர்முனைப் பகுதிக்கு அனுப்புவதில்லை என்பது இந்தியா 2005இல் ஐ.நா.வுக்குக் கொடுத்த வாக்குறுதி. அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருப்பதால் சொல்கிறேன்.

நன்றாகப் படிக்கும் பையன் என்றால் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வையும் கூடவே பாருங்கள். வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம், அதிகாரியாகவே வெளியே வரலாம். தரைப்படைக்கு எந்த குரூப்பும் சரி என்றாலும் தேர்வில் கணிதத்துக்கு மட்டும் 300 மதிப்பெண். பிளஸ் டூ மட்டும் முடித்து அக்னிவீர் டெக்னிக்கல் பிரிவுக்குப் போகவும் அதில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் வேண்டும். எனவே பிளஸ் ஒன் சேர்க்கையில் எந்த குரூப் என்று எழுதிக் கொடுக்கும் முன் இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் அன்றைக்கே பெயர் கொடுங்கள். அந்தச் சான்றிதழுக்குத் தேர்வில் போனஸ் மதிப்பெண் உண்டு.