ஃபிலிமின் ஓரத்தில் இல்லாத எண்

மார்ச் 4, 2024, திங்கள்

குழந்தைப் பருவத்தில் எடுத்த சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு பின்னாளில் புற்றுநோயைத் தருகிறதா என்று ஆராயும் வேலையில், இன்றைய பொழுது முழுவதும் ஒரே ஒரு ஃபிலிமோடு கழிந்தது. 1987-இல் ஐந்து வயதுக் குழந்தைக்கு எடுத்த தலை சி.டி. ஸ்கேன் அது. ஓரத்தில் 120 கிலோவோல்ட் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் மின்னோட்டமும் நேரமும் இருக்க வேண்டிய மூலையை ஓர் ஒட்டுச்சீட்டு மறைத்து, பிரித்தபோது மையையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டது. அவை இல்லாமல் எலும்பு மஜ்ஜை எத்தனை மில்லிகிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) கதிர்வீச்சை ஏற்றது என்று சொல்ல முடியாது. பெரியவர்களுக்கான அளவிலேயே குழந்தைகளுக்கும் ஸ்கேன் எடுப்பது பரவலாக இருந்த காலம் அது. 2001-க்குப் பிறகே அந்த வழக்கத்தைப் பற்றி உரக்கப் பேசினார்கள். அந்த இயந்திரத்தை இயக்கிய, இப்போது ஓய்வுபெற்ற தொழில்நுட்பரிடம் நாளை கேட்க வேண்டும்.

மார்ச் 6, புதன்

டென்மார்க், நார்வே, சுவீடனில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் இருப்பதால், ஸ்கேன் எடுத்த குழந்தைக்குப் பின்னாளில் புற்றுநோய் வந்ததா என்பதைப் பதிவேட்டில் நேராகத் தேடிவிடலாம். இங்கே ஜெர்மனியில் அப்படி ஒரு பொது எண் இல்லை. பெயரையும் பிறந்த நாளையும் குறியீடாக்கி, மைன்ஸ் நகரிலுள்ள குழந்தைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பெயரில் ஓர் எழுத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகள் விடுபட்டாலே ஒரு குழந்தை இரண்டு பேராகிவிடக்கூடும். அந்தப் பதிவேடு 2009 வரை 15 வயதுக்குட்பட்டோரை மட்டுமே முறையாகப் பதிந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பதினேழு வயதில் நோய் வந்தவர் நார்வேயில் கணக்கில் வருவார், இங்கே வரமாட்டார்.

மார்ச் 11, திங்கள்

தலைவலிக்காக ஸ்கேன் எடுத்த குழந்தைக்கு, அன்று கண்ணுக்குப் படாத கட்டி ஏற்கெனவே இருந்திருக்கலாம். அதைக் கதிர்வீச்சின் விளைவாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே, குழந்தைப் பருவ ஸ்கேன்களைப் பல ஐரோப்பிய நாடுகளில் ஆராய்ந்த எபி-சிடி ஆய்வு, மூளைப் புற்றுநோய்க்கு முதல் ஸ்கேனுக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது.

மார்ச் 15, வெள்ளி

இத்தனை பாடு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். லியோனிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைத்த அந்த ஆய்வில், ஒன்பது நாடுகளின் 276 மருத்துவமனைகளிலிருந்து 9,48,174 பேரைச் சேர்த்த பிறகே, ஸ்கேன் எடுத்த 10,000 குழந்தைகளில் அடுத்த 12 ஆண்டுகளில் ஒருவர் அல்லது இருவருக்குக் கதிர்வீச்சால் இரத்தப் புற்றுநோய் வரலாம் என்று மதிப்பிட முடிந்தது என்றேன். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை எந்தத் தனி நாடும் உறுதியாகக் கண்டிருக்க முடியாது. அந்த ஒருவர் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளை.

தொழில்நுட்பர் தம் நினைவிலிருந்து மின்னோட்டத்துக்கும் நேரத்துக்கும் இரண்டு விதமான அளவுகளைச் சொன்னார். ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை. 1987-ஆம் ஆண்டு ஃபிலிமுக்கு இரண்டையும், இடைப்பட்ட அளவுகளையும் சேர்த்தே பதிந்தேன்.