தாய்லாந்து மொழி: கோழியைத் தாண்டி முட்டைக்கு வந்தாயிற்று

தாய்லாந்து மொழி கற்றுக்கொண்டிருக்கிறேன், ஒருவழியாக நான் சொன்னதைக் கைப்பேசி நேற்று முட்டை என்று எழுதிவிட்டது. தாய்லாந்து விசைப்பலகையில் மைக்கை அழுத்திக்கொண்டு ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், இத்தனை நாளும் கோழி, கோழி, கோழி என்றேதான் விழுந்தது, வீட்டில் இருப்பவர்களுக்கே அந்தச் சொல் மனப்பாடம் ஆகிவிட்டது. வணக்கம், நன்றி, என்ன விலை எல்லாம் உங்களுக்கே வரும், அதற்குள் போகவில்லை. எனக்கு இழுத்தடித்தது இந்த முட்டை ஒன்றுதான்.

அந்த மொழியில் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மாறினாலே பொருள் மாறும். ஆனால் கோழிக்கும் முட்டைக்கும் அங்கே ஒரே தொனி, இரண்டுமே தாழ்ந்த தொனி. எழுதும்போதும் முன்னால் நிற்கும் ஐகாரக் குறி, தலைக்கு மேல் தொனிக் குறி எல்லாம் அப்படியே இருக்கும், மெய் மட்டும் மாறும்: கோழியின் க காற்று ஊதாமல் வரும், முட்டையின் க காற்றை ஊதிக்கொண்டு வரும். அந்த இரண்டு மெய்யும்தான் அவர்கள் அரிச்சுவடியின் முதல் இரண்டு எழுத்து, பெயரே கோழி க, முட்டை க. அதாவது அந்த ஊர்க் குழந்தை முதல் பாடத்தில் கடந்துவிடும் இடம் இது.

தமிழில் குறிப்பெடுத்தால் இரண்டுமே 'கை' என்றுதான் வரும். அதனால் ஸ்லோகப் புத்தகங்களில் க²  என்று மேலே சின்னதாக எண் போடுவார்களே, அதையே எடுத்துக்கொண்டேன். கோழி என்றால் கை, முட்டை என்றால் கை². ஆங்கில எழுத்தில் குறிப்பெடுப்பதைவிட இது எவ்வளவோ தேவலை. அதில் சிலர் கே போடுகிறார்கள், சிலர் கூடவே ஹெச் போடுகிறார்கள், சிலர் கோழிக்கு ஜி போடுகிறார்கள். எதை நம்புவது?

இன்னொரு வயிற்றெரிச்சல் உண்டு. கிடைக்கும் பாடங்கள், வீடியோக்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. அவர்கள் சொல்லின் தொடக்கத்தில் க வந்தாலே காற்றை ஊதிவிடுவார்கள், ஆகவே முட்டை அவர்களுக்குச் சும்மா வரும், கோழிதான் வராது. 'ஸ்கை' என்று சொல்லி முன்னால் உள்ள ஸ-வை வெட்டிவிடுங்கள் என்று ஆளுக்கு ஆள் யோசனை சொல்கிறார்கள். நமக்கு நேர் எதிர். தமிழ் வாய்க்குக் கோழி பிறவியிலேயே உண்டு, அதற்குப் பயிற்சியே வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய ஒரு செயலியில் இந்தக் கோழிக்கு ஒரு முழு அத்தியாயம், முட்டைக்கு ஒற்றை வரி. பணம் போனது போனதுதான்.

சரி, எப்படி வந்தது? முதலில் எல்லோரும் சொல்லும் டிஷ்யூ காகித வித்தை: ஒரு கீற்றைக் கிழித்து உதட்டுக்கு முன் பிடித்துக்கொள்ள வேண்டும், கை என்றால் அசையக் கூடாது, கை² என்றால் பறக்க வேண்டும். உரக்கச் சொன்னால் எனக்கு நன்றாகவே பறந்தது. ஆனால் குரலைத் தாழ்ந்த தொனிக்கு இறக்கியதும் காற்றும் சேர்ந்து அடங்கிப்போய்க் காகிதம் செத்துத் தொங்கியது. காற்றை இழுத்துப் பிடித்தால் தொனி மேலே ஏறிவிடுகிறது. இன்னும் முக்கினால் 'க-ஹை' என்று இரண்டாக உடைகிறது, இல்லையென்றால் தொண்டையில் காறும் சத்தம். அது வேறு ஒலி, அதையும் கைப்பேசி ஏற்கவில்லை.

கடைசியில் உதவியது ஆடாசிட்டி. இலவச மென்பொருள்தான், ஒலிப்பதிவு செய்து அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரிகிறது. கோழியில் க வெடித்த உடனே உயிரெழுத்தின் பெரிய அலைகள் தொடங்கிவிடும். முட்டையில் வெடிப்புக்கும் உயிருக்கும் நடுவில் புல் முளைத்த மாதிரி ஒரு சொரசொரப்பான இடைவெளி இருக்கும். தாய்லாந்து ஆசிரியையின் குரலை மேலேயும் என்னுடையதைக் கீழேயும் வைத்துப் பார்த்தேன், எனக்கு அந்தப் புல்லே இல்லை. அப்புறம் தலைகீழாகப் பழகினேன்: க-வை விட்டுவிட்டு வெறும் 'ஹை' மட்டும் தாழ்ந்த தொனியில், குரல் தரையில் கிடக்கும்வரை. அது படிந்த பிறகு அதே 'ஹை'க்கு முன்னால் நாக்கின் பின்பக்கத்தை மட்டும் அண்ணத்தில் ஒட்டி எடுப்பது. ஹ முதலில், க பிறகு என்று நினைத்துக்கொண்டால் வருகிறது. இந்தி தெரிந்தவர்கள் 'கானா' என்று சாப்பாட்டைச் சொல்லும் முதல் எழுத்தை நினைத்துக்கொள்ளலாம், எனக்கு அந்த வசதி இல்லை.

ஏன் இவ்வளவு பாடு என்றால், நான் முட்டை சாப்பிடுவதில்லை. 'மை ஸை கை²' என்றால் முட்டை போடாதீர்கள். அதையே என் பழைய வாயால் சொன்னால் கோழி போடாதீர்கள், கடைக்காரர்களும் கோழி போடாமல் முட்டையோடு கொண்டுவந்து வைப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'ஜே' என்ற ஒரே சொல்லில் தப்பித்துவிடலாம் என்பார்கள். உண்மைதான், ஜே என்றால் இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 மாதிரி எழுதியிருக்கும். ஆனால் சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், செப்டம்பர் அக்டோபர் வாக்கில் வரும் ஜே விழாவில்தான் அந்தக் கொடி தெருவெல்லாம் பறக்கும். மற்ற நாட்களில் தேடிப் போக வேண்டும். எனக்குப் பூண்டு வேறு வேண்டும்.

இதே கதை வாத்துக்கும் காரத்துக்கும். பெட் என்றால் வாத்து, பெ²ட் என்றால் காரம், தொனி அதே தாழ்ந்த தொனிதான். காரம் வேண்டாம் என்று சொல்லப்போனால் வாத்து வேண்டாம் என்று ஆகிறது. கூடவே கடைசி ட்-இல் நாக்கு ஒட்டியதோடு நின்றுவிட வேண்டும், நாம் குற்றியலுகரம் சேர்த்து 'பெட்டு' என்று முடிப்போம், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆசிரியை பாங்காக்கில் இருந்து வாரம் ஒருமுறை வீடியோவில் வருகிறார், ஆங்கிலம் குறைவு, அதுவே நல்லதாகப் போயிற்று. அவர் அனுப்பும் ஒலித்துண்டுகளை 'ஆங்கி' (Anki) என்ற மனப்பாடச் செயலியில் அட்டையாகப் போட்டு வைத்திருக்கிறேன். கிழமைகள் படிக்க வேண்டியதே இல்லை: ஆதித், சன், அங்கான், புத் என்று நம் கிரகங்கள்தான் வரிசையாக வருகின்றன.

எழுத்தையும் இப்போதே தொடங்கலாமா என்று பார்க்கிறேன். பல்லவ எழுத்தின் வழியில் கெமர் மூலமாக வந்தது, எகரமும் ஐகாரமும் மெய்க்கு முன்னால் நிற்பது கெ, கை எழுதிய நமக்குப் புதிதே இல்லை, ஆங்கிலப் பாடங்கள் அதை ஏதோ அதிசயம் மாதிரி பேசுகின்றன. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாததுதான் கண்ணைக் கட்டுகிறது. ஆனால் ப², த² இரண்டும் இன்னும் பாக்கி. போதாததற்கு 'கிட்டே', 'தூரம்' இரண்டுக்கும் 'க்லை' என்றே சொல்லிவிட்டுத் தொனியில் மட்டும் வேறுபடுத்துகிறார்கள், விழும் தொனி என்றால் கிட்டே, சமதொனி என்றால் தூரம். அடுத்த வகுப்பில் வழி கேட்கும் பாடம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார், இன்னும் தொடவே இல்லை.