லிமாவிலிருந்து அயகுச்சோ வரை: பெருவின் குளிர்பானப் போட்டி

பெரு நாட்டுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் மச்சு பிச்சுவைக் காணவே செல்கிறார்கள். நானும் அதைக் கண்டேன். ஆனால் அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம் என்பதால், அந்நாட்டு உணவு மேசைகளில் நான் கண்ட வேறொன்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். உலகில் கோகோ கோலா எந்த ஊருக்குப் போனாலும் விரைவில் முதலிடத்தைப் பிடித்துவிடும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. பெருவில் இன்கா கோலா என்ற உள்ளூர்ப் பானம் பல பத்தாண்டுகள் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தது.

லிமாவின் பழைய நகரத்தில், மத்தியச் சந்தைக்கு அருகே காபோன் தெரு இருக்கிறது. 1849 முதல் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்கும் உரத்துக்காகக் கடற்பறவை எச்சம் வெட்டும் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்களின் வழித்தோன்றல்கள் நடத்தும் சிஃபா எனப்படும் பெரு பாணிச் சீன உணவகங்கள் அத்தெருவில் நிறைந்திருக்கின்றன. மதிய வேளையில் அங்கே நுழைந்தபோது, சௌஃபா எனப்படும் வறுத்த சோற்றுத் தட்டுகளுக்கு நடுவில், ஏறக்குறைய எல்லா மேசைகளிலும் பளிச்சென்ற மஞ்சள் நிறப் பாட்டில்கள் நின்றுகொண்டிருந்தன. கோக் கிடைக்குமா என்று பரிமாறுபவரிடம் கேட்டேன். “இருக்கிறது, செஞோர். ஆனால் சௌஃபாவுக்கு இதுதான் பொருந்தும்” என்றார். அதன் தித்திப்பு முதல் வாய்க்குச் சற்று மிகையாகத் தோன்றியது. எலுமிச்சை மணம் கொண்ட இயெர்பா லூயிசா என்ற மூலிகையின் சாயலும் அதில் தெரிந்தது. சோயா சாறும் இஞ்சியும் தூக்கலான அந்த உணவோடு நான்கு வாய் குடித்த பிறகு, அவர் சொன்னதில் நியாயம் இருப்பது புரிந்தது. இன்கா கோலாவின் விளம்பரங்கள் அதைப் பெருவின் உணவோடு சேர்ந்த பானமாகவே நெடுங்காலம் முன்னிறுத்தி வந்துள்ளன. வீட்டுச் சாப்பாட்டோடு ஒட்டிக்கொண்ட ஒரு சுவையை விளம்பரச் செலவால் மட்டும் பெயர்த்தெடுத்துவிட முடியாது என்பது அந்த மேசையில் எனக்குத் தெளிவாயிற்று.

நகரின் நடுவே ஓடும் ரீமாக் ஆற்றைத் தாண்டினால் அதே பெயருடைய பழைய குடியிருப்புப் பகுதி வருகிறது. 1910 இல் இங்கிலாந்திலிருந்து குடிபெயர்ந்த லிண்ட்லி குடும்பம் சோடா தயாரிக்கும் சிறு தொழிலைத் தொடங்கியது இங்கேதான். 1535 இல் ஸ்பானியத் தளபதி பிசாரோ நிறுவிய லிமா தன் நானூறாவது ஆண்டைக் கொண்டாடிய 1935 இல், அக்குடும்பத்தின் மகன்களில் ஒருவரான ஹோசே ரொபின்சன் லிண்ட்லி இன்கா கோலாவை அறிமுகம் செய்தார். ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று உருவாக்கிய பானம், ஸ்பானியர் நிறுவிய நகரத்தின் விழாவில், அந்த ஸ்பானியரால் வீழ்த்தப்பட்ட இன்கா பேரரசின் பெயரைச் சுமந்து வெளிவந்தது. ஆயினும் பெரு மக்கள் அதைத் தங்களுடையது என்று முழு மனத்துடன் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான் பேசிப் பார்த்த எவரும் அதன் பூர்வீகத்தை ஒரு குறையாகக் கருதவில்லை.

தொண்ணூறுகளில் கோக்குடனான போட்டி உச்சத்தை எட்டியது. இரு பானங்களும் சந்தையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி முன்னும் பின்னுமாக நின்றன. பெம்போஸ் என்ற உள்நாட்டு பர்கர் கடைகள் இன்கா கோலாவின் பக்கம் சாய்ந்தன. எந்த நாட்டிலும் கோக்குடன் கைகோத்தே நடக்கும் மெக்டொனால்ட்ஸும் பெருவில் மஞ்சள் பானத்தை விற்க வேண்டியதாயிற்று. வெல்ல முடியாததை விலைக்கு வாங்குவது என்ற முடிவுக்கு 1999 இல் கோகோ கோலா வந்தது. இன்கா கோலாவில் ஏறத்தாழப் பாதிப் பங்கை அது வாங்கிக்கொண்டது. கோகோ கோலாவின் அன்றைய தலைவர் டக்ளஸ் ஐவெஸ்டர் லிமாவுக்கே வந்து, எல்லோரும் பார்க்க இன்கா கோலாவைக் குடித்துக் காட்டினார்.

இந்த இடத்தில் எனக்கு நம் நாட்டின் நினைவு வராமல் இல்லை. 1993 இல் இந்தியாவுக்குத் திரும்பிய கோகோ கோலா, பார்லே நிறுவனத்திடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகியவற்றை வாங்கியது. ஃபான்டாவுக்கு இடம் விட்டு கோல்ட் ஸ்பாட் மறைந்துபோனது. தம்ஸ் அப்போ, குடிப்பவர்கள் அதைக் கைவிட மறுத்ததால், பிழைத்து வளர்ந்தது. கோல்ட் ஸ்பாட் குடித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதால், லிண்ட்லி குடும்பம் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கைகழுவிவிடாமல் பேரம் பேசியதை மிகவும் மதிக்கிறேன். பெருவுக்குள் தயாரிப்பும் விநியோகமும் அவர்கள் கையிலேயே இருந்தன. 2004 இல் பெருவில் கோக்கைப் பாட்டிலில் அடைத்துவந்த நிறுவனத்தையே அவர்கள் வாங்கிவிட்டார்கள். ஆனால் அந்நிலையும் நீடிக்கவில்லை. 2015 இல் மெக்ஸிகோவைச் சேர்ந்த ஆர்கா கொன்டினென்டல் என்ற கோக் பாட்டில் நிறுவனம் லிண்ட்லியின் பெரும்பான்மை வாக்குரிமையை வாங்கியது. இன்று பெருவின் பெருமையாகச் சுவர்களில் எழுதப்படும் பானத்தின் கடிவாளம் ஆர்காவின் தலைமையகமான மொந்தெர்ரேயில் இருக்கிறது என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

லிமாவிலிருந்து அயகுச்சோவுக்குப் பேருந்தில் சென்றேன். பிஸ்கோவுக்கு அருகே கடற்கரையை விட்டுப் பிரியும் சாலை, நாலாயிரம் மீட்டரையும் தாண்டிய கணவாய்களில் ஏறி இறங்குகிறது. மூச்சுத் திணறலுக்கு அஞ்சுபவர்கள் முதல் நாளே ஓய்வெடுத்துக்கொள்வது நல்லது. கல் வளைவுகள் சூழ்ந்த சதுக்கமும் தேவாலயங்களும் கொண்ட அழகிய மலைநகரம் அயகுச்சோ. 1980 இல் ஒளிரும் பாதை என்ற மாவோயிஸ்ட் இயக்கம் ஆயுதப் போரைத் தொடங்கியது இந்த மாநிலத்தில்தான். தாக்குதல்களுக்கு அஞ்சிப் பெரிய நிறுவனங்களின் குளிர்பான லாரிகள் மலையேறத் தயங்கிய நிலையில், 1988 இல் அன்யான்யோஸ் குடும்பத்தினர் தங்கள் வீட்டிலேயே பானம் காய்ச்சி, பழைய பீர் பாட்டில்களில் அடைத்து, கோலா ரியால் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். மற்றவர்கள் அஞ்சி விலகிய இடத்திலேயே அவர்கள் தொழில் வேர்விட்டது. விலை குறைவு, பாட்டில் பெரிது. சொந்தமாக லாரி வாங்காமல், சிறு வண்டி வைத்திருப்பவர்களிடம் விநியோகத்தை ஒப்படைத்தார்கள். லிமாவை எட்ட அவர்களுக்கு 1997 வரை ஆயிற்று.

பயணத்தில் நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் ஈர்த்தது அதற்குப் பின் நடந்ததுதான். ஆஹே என்று பெயர் பெற்ற அந்நிறுவனம் 1999 இல் வெனிசுவேலாவுக்கும், அடுத்து ஈக்வடாருக்கும், 2002 இல் மெக்ஸிகோவுக்கும், 2006 இல் தாய்லாந்துக்கும் சென்றது. வெனிசுவேலாவில் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1996 இல், பெப்சியைப் பாட்டிலில் அடைத்துவந்த சிஸ்னேரோஸ் குழுமம் ஒரே இரவில் கோக் பக்கம் மாறி, பெப்சியை அந்நாட்டுச் சந்தையிலிருந்து ஏறக்குறையத் துடைத்தெறிந்திருந்தது. பிற நாட்டில் வணிகம் செய்பவருக்குப் பானத்தின் செய்முறையைவிடப் பாட்டில் ஆலையும் வண்டியும் கடைக்காரரின் அலமாரியும் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அயகுச்சோ குடும்பம் அதை முதல் நாளிலிருந்தே உணர்ந்திருந்தது.

கோக் மிக அதிகமாகக் குடிக்கப்படும் நாடுகளில் ஒன்றான மெக்ஸிகோவில் அவர்களுடைய பிக் கோலா பெரிய பாட்டிலும் குறைந்த விலையுமாக இறங்கியபோது, அதை அலமாரியிலிருந்து எடுக்காவிட்டால் கோக் வராது என்று கடைக்காரர்களுக்கு நெருக்கடி வந்தது. மெக்ஸிகோ நகரின் இஸ்தபலாபா பகுதியில் சிறு மளிகைக்கடை வைத்திருந்த ஒரு பெண்மணி பணிய மறுத்துப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். 2005 இல் கோகோ கோலாவுக்கும் அதன் பாட்டில் நிறுவனங்களுக்கும் ஏறத்தாழ 68 மில்லியன் டாலர் அபராதம் என்று தீர்ப்பாயிற்று. தன் கடையில் எதை விற்பது என்பதைத் தானே முடிவு செய்வேன் என்று அவர் நின்ற நிலைக்கு, அவரை நேரில் காணாத நான் இங்கிருந்தே வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.