மெட்ராஸ் தெருவுல எறக்கி விடுங்க

வேலைக்குன்னு வெஸ்ட் இண்டீஸ் பக்கம் டிரினிடாட் தீவோட தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. டிரினிடாட்னா எங்க ஊர்ல பிரையன் லாராவ தாண்டி யாருக்கும் ஒண்ணும் தெரியாது, வர்றதுக்கு முன்னாடி எனக்கும் அவ்வளவுதான். சம்பளம் டாலர்னு வீட்ல ஒரே பெருமை, அது அமெரிக்க டாலர் இல்லம்மா இந்த ஊர் டாலர், மதிப்பு அதவிட ரொம்பக் கம்மின்னு புரிய வைக்கவே ஆறு மாசம் ஆச்சு.

ரூம் செயின்ட் ஜேம்ஸ்ங்கற ஏரியாவுல. இங்க தெருப்பேரே கல்கத்தா, பம்பாய், டெல்லி, மெட்ராஸ்! ஒரு காலத்துல கரும்புத் தோட்டம் இருந்த எடமாம். 1845லேர்ந்து 1917 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா இந்தியாவுலேர்ந்து ஆளுங்கள கொண்டாந்தாங்க, முக்காவாசி பீகார், உ.பி. பக்கம், மெட்ராஸ்லேர்ந்து கப்பல் ஏறுனவங்க கொஞ்சம் பேரு.

மொத மாசம் போன் பண்ணி டாக்ஸி வரவழைச்சே பாதி சம்பளத்த கரைச்சேன். அப்புறம் வீட்டுக்கார ஆண்ட்டிதான் தலையில குட்டி சொல்லிக் குடுத்தாங்க. மேக்ஸின்னு வெள்ளை வேன் ஓடும், பட்டை கலர் பாத்து ஏறணும், எங்க ஏரியாவுக்கு மஞ்சள், கிழக்க அரிமா பக்கம்னா சிவப்பு. அது இல்லன்னா ரூட் டாக்ஸி, பாக்க சாதா கார்தான், மேல போர்டு கூட இருக்காது, நம்பர் பிளேட்டுல எச் இருக்கான்னு பாக்கணும், ஹாரன் அடிச்சுட்டே வருவான், நம்ம போற பக்கமா வெரல நீட்டுனா நிறுத்துவான், நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரியேதான். ஆனா மெயின் ரோட்டுலேயே எறங்கிக்கணும், சோம்பேறித்தனமா சந்துக்குள்ள விடுங்கன்னு ஒரு நாள் கேட்டுட்டேன், அது 'ஆஃப் ரூட்'டாம், ரெண்டு மடங்குக்கு மேல வாங்கிட்டான். கவர்மெண்ட் பஸ் இன்னும் சீப், ஆனா டிக்கெட்ட மொதல்லயே வாங்கி வச்சுக்கணும், அது தெரியாம காச நீட்டி டிரைவர்கிட்ட முழிச்சதும் நாந்தான்.

இதவிட பெரிய பாடம் ஒண்ணு. மேக்ஸில ஏறுனதும் பொதுவா எல்லாருக்கும் குட் மார்னிங் சொல்லணும். நான் நம்ம டவுன் பஸ் பழக்கத்துல உம்முனு ஏறி ஜன்னலோரம் உக்காந்தேன், எதிர்ல ஒரு பாட்டி "குட் மார்னிங்"னாங்க, கேக்காத மாதிரி இருந்தேன், மறுபடி சொன்னாங்க, மூணாவது தடவ வேனே திரும்பிப் பாத்துச்சு. சொல்லித் தொலைச்சேன்.

சாப்பாட்டுக்கு டபுள்ஸ். மஞ்சள் போட்டு எண்ணெயில பொரிச்ச ரெண்டு மெத்து ரொட்டி, பேரு பரா, நடுவுல கொண்டக்கடலை கறி, பேப்பர்ல மடிச்சு குடுப்பாங்க, ரோட்டோரம் நின்னே சாப்டணும். ரெண்டு சாப்ட்டா மதியம் வரைக்கும் தாங்கும். பெப்பர் எவ்ளோன்னு கேட்டா கண்ண மூடிட்டு 'ஸ்லைட்'னு, அதாவது கொஞ்சூண்டுன்னு சொல்லிடுங்க. குண்டூர் மிளகாயவே பாத்தவன்டான்னு நான் நெறைய போடச் சொல்லி, கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி... மொருகா ஸ்கார்ப்பியன்ற மிளகா இந்தத் தீவோடதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமன்னா சவன்னா மைதானத்த ஒரு சுத்து, பக்கத்துல 1818ல வச்ச பொட்டானிக் கார்டன், ரெண்டுக்கும் காசு இல்ல. செலவுன்னா ஒரு எளநி.

போன பொங்கலுக்கு லீவுல திருச்சி போயிருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ் ஏறுனதும் வாய் தானா "குட் மார்னிங்"னுடுச்சு. எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க. கண்டக்டர் மட்டும் பதில் சொன்னாரு, "சில்லறை இருக்கா?"