தலைக்கட்டு வரி

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் வரி நோட்டில் 14 வருடம் என் பெயர் விடாமல் இருந்தது. ஊரில் இல்லாமல் இருந்தது நான்தான்.

2005-இல் கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் குவைத்துக்கு விமானம் ஏறினேன். ஏசி மெக்கானிக் வேலை. கல்யாணம் ஆனால் தனித் தலைக்கட்டு, அதாவது ஊர்க் கணக்கில் தனிக் குடும்பம். தலைக்கட்டு என்றால் வரி. அப்பாதான் வருடா வருடம் கட்டிவிட்டு ரசீதைப் பூசைப் புத்தகத்துக்குள் செருகி வைப்பார். 2019-இல் வேலையை விட்டுத் திரும்பி வந்து ஒரு நாள் அந்தப் புத்தகத்தைத் திறந்தால், மஞ்சளும் ரோஸுமாக 14 ரசீதும் மடியில் விழுந்தன. ஊர், பணகுடிக்கும் வடக்கன்குளத்துக்கும் நடுவில் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன். பெயரைச் சொன்னால் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நான் உட்கார முடியாது.

வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். பாளையங்கோட்டையில் பொதுநிலையினருக்கு, அதாவது குருவாக இல்லாதவர்களுக்கு, சனிக்கிழமை தோறும் இறையியல் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். ‘என்ட் டு என்ட்’ பஸ் பணகுடியில் நிற்காது. வள்ளியூர், நாங்குநேரி என்று நின்று நின்று போகிற வண்டியில்தான் போகவேண்டும், அதனால் முதல் வகுப்பில் பாதி எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை. வகுப்பில் பெரும்பாலும் கன்னியர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும். ஸ்பானர் பிடித்த கை நான் ஒருவன்தான்.

இரண்டாம் வருடம் ஒரு கட்டுரை எழுதவேண்டும். புலம்பெயர்ந்தோருக்கான மேய்ப்புப் பணி என்ற தலைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். எனக்குத் தெரியாததா? குவைத் நகரத்துத் திருக்குடும்பப் பேராலயத்தில் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு. லீவு அன்றைக்குத்தானே. ஞாயிற்றுப் பூசையை வெள்ளிக்கிழமையே வைப்பார்கள், ஞாயிறு பூசை பார்க்கவேண்டிய கடனும் கழிந்துவிடும். தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால் அடுத்த பாஷைக்காரர்கள் உள்ளே நுழையக் காத்து நிற்பார்கள். மலையாளம், கொங்கணி, பிலிப்பைன்ஸ்காரர்கள், அரபி பேசுகிற லெபனான்காரர்கள். மேல் சட்டையில் ஏசி கேஸ் நாற்றத்தோடு போய் உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊர், என்ன சாதி, வரி கட்டினாயா என்று ஒருவர் கேட்டதில்லை. இதையெல்லாம் எழுதி, நடுவில் திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1952-இல் எழுதிய ‘எக்சூல் ஃபமிலியா’வையும் சேர்த்தேன். எகிப்துக்கு ஓடிப்போன திருக்குடும்பம்தான் ஊர்விட்டு ஊர் போகிற எல்லாக் குடும்பத்துக்கும் முன்மாதிரி என்று தொடங்கும் ஏடு அது. நான் பூசை பார்த்த கோயிலின் பெயரும் அதுதான் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை வேறு.

வகுப்பெடுக்கும் சாமி (குருவானவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆறு பக்கத்தையும் படித்துவிட்டுக் கேட்டார்: “அண்ணாச்சி, இது நீங்க போன கதை. உங்க ஊருக்கு வந்தவன் கதை எங்க?”

“எங்க ஊருக்கு யாரு சாமி வாரா?” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவர் பதில் சொல்லாமல் கரும்பலகையில் ஒரு கிரேக்கச் சொல்லை எழுதினார். ‘பரோய்க்கியா’. ஒரு கோயிலின் எல்லைக்குள் வரும் சமூகத்தை இங்கிலீஷில் ‘பாரிஷ்’ என்கிறோமே, அதற்கு மூலம் இதுதானாம். சொந்தமில்லாத ஊரில் அந்நியனாகத் தங்கியிருப்பது என்று பொருள். பைபிளில் பேதுருவின் முதல் திருமுகம் கிறிஸ்தவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறது. எனக்குச் சட்டென்று தோன்றியது, நாம் இதைத் தமிழில் ‘பங்கு’ என்கிறோம். அங்கே வந்தேறி, இங்கே பங்காளி. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பங்கு என்றால் பாகப்பிரிவினை ஞாபகம் வராதவன் எங்கள் பக்கம் உண்டா?

அதற்கு அடுத்த வாரம் ஒரு செங்கல் சேம்பர் (சூளை) ஆபீஸில் ஏசி மக்கர் என்று கூப்பிட்டார்கள். ஏணியைப் பிடிக்க ஒரு பையனை விட்டார்கள். இருபத்தைந்து வயது இருக்கும், தலைமுடியெல்லாம் செம்மண். குனிந்தபோது சட்டைக்குள்ளிருந்து ஜெபமாலை வெளியே விழுந்தது. குவைத்தில் கற்ற ஹிந்தியில் “கிறிஸ்தவனா?” என்று கேட்டேன். ஏணியை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பி “ஜெய் யேசு” என்றான். நான் ஏணி மேலே.

ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கம். கடியா பழங்குடி. சேம்பரில் எல்லோரும் அவனை இந்திக்காரன் என்கிறார்கள். அவன் வீட்டில் பேசுவது கடியா, ஊர்ச் சந்தையில் சாத்ரி, ஹிந்தி பள்ளிக்கூடத்தில் படித்தது. சோட்டா நாக்பூர் பக்கம் 1885-இல் லீவன்ஸ் என்ற பெல்ஜிய சேசுசபைச் சாமி போனதிலிருந்து அங்கே கத்தோலிக்கம் பெருகியது என்று வகுப்பில் படித்திருந்தேன். பரீட்சைக்குப் படித்தது இப்போது எதிரே நின்று வியர்த்துக்கொண்டிருந்தது.

மூன்று வருடமாக வருகிறார்கள். தை பிறந்தால் வருவார்கள், ஐப்பசி மழை இறங்கினால் பச்சைக் கல் காயாது, அதனால் ஊருக்குப் போய்விடுவார்கள். என் வீட்டிலிருந்து சேம்பருக்கு இரண்டு கிலோமீட்டர்.

அன்றைக்கு அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். பூசாத செங்கல் சுவர், தகரக் கூரை. ஆடிக் காற்றில் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது, பக்கத்திலேயே காற்றாலைக் காத்தாடி சுற்றுகிற சத்தம். பெஞ்சாதி ஏழு மாதப் பிள்ளையை இடுப்பில் துணியால் கட்டியிருந்தாள். தகரப் பெட்டிக்குள் சேலைக்கு அடியிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்தாள். உள்ளே எட்டாக மடித்த ஒரு தாள், மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியது. ஊர்ப் பங்கில் கொடுத்த கல்யாணச் சான்றிதழ். ஹிந்தி பேசுவேனே ஒழிய எனக்கு எழுத்துத் தெரியாது. முத்திரையில் இருந்த சிலுவை மட்டும் புரிந்தது.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. கோயிலுக்கு வந்தீர்களா என்று கேட்டேன். வந்தார்களாம், மூன்று ஞாயிறு. வேப்ப மரத்தடியில் நின்று பூசை பார்த்திருக்கிறார்கள். நன்மை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்கும் வரிசையில் நின்றபோது யாரோ கையைக் காட்டி நிறுத்தி என்னவோ கேட்டார்களாம், பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டார்களாம். நிறுத்தியவர் ஜாடையாய் இப்படித்தான் செய்து காட்டினார் என்று அவன் கையை உயர்த்திக் காட்டினான். அந்த ஞாயிறு நானும் கோயிலில்தான் இருந்திருப்பேன்.

தாளை போட்டோ எடுத்து, வகுப்பில் என்னோடு படிக்கிற, ராஞ்சியில் பல வருடம் இருந்த ஒரு சிஸ்டருக்கு அனுப்பினேன். போனிலேயே வாசித்துத் தமிழில் சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

பங்குச்சாமி நல்லவர், ஆனால் ஜாக்கிரதைக்காரர். “அவங்க சொந்தப் பங்குல இருந்து லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லும்” என்றார். கமிட்டிப் பொருளாளர் எனக்கு அத்தான் முறை. அவர் கேட்டதுதான் காதில் நிற்கிறது: “தலைக்கட்டே இல்லாதவன எந்தப் பக்கத்துல மாப்ள எழுத?” ஞானஸ்நானப் பதிவேடு வேறு, வரி நோட்டு வேறு என்று நான் சொல்லவேண்டியிருந்தது. நூறு வருடமாக இரண்டும் ஒரே பீரோவில் இருந்தால் யாருக்கும் ஒன்றாகத்தான் தெரியும்.

இந்த இடத்தில் எனக்குப் படிப்பு கைகொடுத்தது. 1983-ஆம் வருடத்துத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 102-ஆம் எண்ணைப் பாருங்கள். ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதமாவது இருக்கிற எண்ணத்தோடு வந்தாலே, அல்லது மூன்று மாதம் இருந்துவிட்டாலே, அது அவனுக்குப் பகுதி உறைவிடம் ஆகிவிடும். நிரந்தரமாக இருக்கும் எண்ணம், அல்லது ஐந்து வருடம் முழுசாக இருந்தால் உறைவிடம். 107-ஆம் எண் சொல்கிறது, இரண்டில் எது இருந்தாலும் அந்த இடத்துப் பங்குச்சாமிதான் அவனுடைய சொந்தப் பங்குச்சாமி. 529 இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏழைகளையும், தனிமையில் கிடப்பவர்களையும், நாடு விட்டு வந்தவர்களையும் பங்குச்சாமியே தேடிப் போகவேண்டும் என்கிறது. வரி என்ற சொல்லே இதில் எங்கும் இல்லை. அப்படிப் பார்த்தால், 14 வருடமும் எனக்குச் சொந்தப் பங்கு என்று குவைத்தைச் சொல்லலாம். தலைக்கட்டுக் கணக்கில் ஊரில் இருந்தவன் வெறும் ரசீது.

மூன்று எண்ணையும் வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். சாமி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, “சட்டத்தைப் படிச்சிட்டு எனக்கே சொல்ல வாரீரு” என்று சிரித்தார். கோபப்படவில்லை. அப்புறம் மெதுவாக, “ஞானஸ்நானம் வாங்க வெளியூர்ல இருந்து வந்தவர் ஒருத்தர் நம்ம பக்கத்துலயே உண்டே” என்றார். தேவசகாயத்தைச் சொன்னார். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நட்டாலத்துக்காரர், 1745-இல் வடக்கன்குளத்துக்கு வந்துதான் ஞானஸ்நானம் வாங்கினார். எனக்குத் தோன்றாத ஆதாரம் அது.

2022 மே 15-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் ஃப்ளெக்ஸ். அதே வருடம் அக்டோபர் 9-இல் ஸ்கலாப்ரினிக்குக் கொடுத்தார்கள், அது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இத்தாலியில் பியாசென்சா ஆயர். மிலான் ரயில் நிலையத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறப் போகிற ஏழைகள் நூற்றுக்கணக்கில் மூட்டையோடு காத்துக் கிடந்ததைப் பார்த்து மனசு கேட்காமல், அவர்களுக்காக 1887-இல் ஒரு சபையே தொடங்கியவர். திருநெல்வேலி ஜங்ஷனில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவர்களை எத்தனை தடவை தாண்டி நடந்திருக்கிறேன். கால் படாமல் இருந்தால் போதும் என்பதுதான் என் கவலையாக இருந்திருக்கிறது.

ஞானஸ்நானம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லிக் கேட்டேன், “ஒவ்வொண்ணா போவோம்” என்றார் சாமி. என் வீட்டுக்காரி ஞானத்தாய். சேம்பரிலிருந்து பதினோரு பேர் குளித்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி, முன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடைசியில் அவர்கள் பாஷையில் ஒரு பாட்டு. உபதேசியார் ஆர்மோனியத்தில் சுருதி தேடிப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டார். பதிவேட்டில் பெற்றோர் பங்கு என்ற கட்டத்தில் சாமி பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். எங்கள் ஊர்ப் பெயரைத்தான் எழுதினார்.

எங்கள் கோயில் மிக்கேல் சம்மனசுக்கு (தேவதூதருக்கு) உரியது, செப்டம்பர் 29 திருநாள். 2019-இலிருந்து திருச்சபை கொண்டாடும் உலகப் புலம்பெயர்ந்தோர் தினத்தையும் செப்டம்பர் கடைசி ஞாயிறுக்கு மாற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அது கொடியேற்றத்துக்கும் சப்பரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மைக்செட் சத்தத்தில் காணாமல் போகும். இந்த முறை மன்றாட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன், வாசித்தார்கள்.

வரி தலைக்கட்டுக்கு 2,000. கொடியேற்றத்துக்கு மறுநாள் அவன் தானாகவே வந்து 500 ரூபாயை நீட்டினான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரோ சேம்பரில் சொல்லியிருக்கிறார்கள். அத்தான் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் ‘நன்கொடை, சேம்பர் இந்திக்காரர்’ என்று எழுதினார். பெயரைப் போடுங்கள் என்றேன். எப்படி எழுத என்றார். நோட்டை வாங்கி, இந்திக்காரரை அடித்து, அவன் பெயரைத் தமிழில் எழுதினேன். நன்கொடையையும் அடிக்கப் போனேன், அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார். “அடுத்த வருசம் பாப்போம் மாப்ள.”

கட்டுரைக்கு 100-க்கு 62. மேற்கோள் போதாது என்று குறிப்பு. மழை இறங்கிவிட்டது, சேம்பரில் ஆள் இல்லை. ரசீதை அவன் பெஞ்சாதி அந்தப் பாலித்தீன் கவருக்குள்தான் வைத்துக்கொண்டு போனாள், பார்த்தேன்.